புற்றுநோய் வந்தவரின் தொடை வலியைத் தேய்மானம் என்று எழுதிவிடாதீர்கள்

அந்த அம்மாவின் துணிப்பையில் முழங்கால் எக்ஸ்ரே மூன்று இருந்தன. இடுப்பு எக்ஸ்ரே ஒன்றுகூட இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்தவர். இரண்டு மாதங்களாக வலது முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி, மூட்டுத் தேய்மானத்துக்கான மாத்திரை, ஊசி, தைலம், உருவிவிடுதல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். கழிப்பறையில் எழுந்து திரும்பியபோது தொடையில் 'மளுக்' என்ற சத்தம் கேட்டதாகவும், அதன் பிறகே கீழே விழுந்ததாகவும் சொன்னார். அதாவது விழுந்ததால் எலும்பு முறியவில்லை, முறிந்ததால் விழுந்திருக்கிறார். ஓர் எலும்பியல் மருத்துவனாக இப்படிப்பட்டவர்களை இந்த ஆண்டில் பலமுறை பார்த்துவிட்டேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இடுப்பு மூட்டில் உள்ள கோளாறு முழங்காலில் வலியாகத் தெரியும் என்பது மருத்துவ மாணவர்களுக்கே தெரிந்த பாடம். மார்பகம், புராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றில் தொடங்கும் புற்றுநோய்கள் எலும்புக்குப் பரவும் வழக்கம் உள்ளவை. உடலின் எடை முழுவதையும் தாங்கும் தொடை எலும்பின் மேல்பகுதி அவற்றுக்கு வாகான இடம். ஆகவே எப்போதோ புற்றுநோய் வந்து குணமானவருக்குக் கூட, கவட்டையிலோ தொடையிலோ முழங்காலிலோ புதிதாக ஒரு வலி வந்து, காலை ஊன்றும்போது அது கூடினாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ, இடுப்பு முதல் முழங்கால் வரை தொடை எலும்பு முழுவதையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எலும்பின் தாதுச் சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது கரைந்த பின்னரே எக்ஸ்ரேயில் அரிப்பு தெரியும் என்பதால், படம் நன்றாக இருந்தும் வலி நீடித்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தயங்கக் கூடாது.

என்னை மிகவும் சலிப்படையச் செய்வது வேறொன்று. "நாலாவது ஸ்டேஜுங்க டாக்டர், இனிமே ஆபரேஷன் பண்ணி என்ன ஆகப்போகுது?" என்று அந்த அம்மாவின் மகன் கேட்டார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. இதே கேள்வியை மருத்துவர்களும் கேட்கிறார்கள் என்பதுதான் வருத்தம். எலும்பில் செய்யும் இந்த அறுவை புற்றுநோயைக் குணப்படுத்துவதற்கு அன்று. தானே எழுந்து கழிப்பறைக்குப் போவதற்கும், படுக்கை விரிப்பை மாற்றும்போது அலறாமல் இருப்பதற்கும் செய்யப்படுவது. நோய் அரித்த எலும்பு முறிந்தால், மாவுக்கட்டுப் போட்டாலும் பெரும்பாலும் ஒன்றுசேராது. படுத்த படுக்கையானவருக்குப் படுக்கைப் புண், காலில் ரத்தக் கட்டி, நிமோனியா என்று ஒவ்வொன்றாக வரும். உடல் நலிந்துவிட்டது என்ற காரணத்துக்காகவே புற்றுநோய் மருந்தும் நின்றுபோகும். நோய் எலும்பில் மட்டும் பரவிய மார்பகப் புற்றுநோயாளிகளும் புராஸ்டேட் புற்றுநோயாளிகளும் மருந்துகளோடு பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். அந்த ஆண்டுகளைக் கட்டிலில் கழிக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை?

முறிவதற்கு முன்பே எலும்புக்குள் நீளமான கம்பி செலுத்திவிட்டால் அறுவையும் சிறிது, ரத்த இழப்பும் குறைவு. பெரும்பாலோர் ஓரிரு நாளில் வாக்கரைப் பிடித்து நிற்பார்கள். யாருக்குச் செய்வது என்பதற்கு 1989-இல் மிரெல்ஸ் என்ற எலும்பியல் மருத்துவர் வகுத்த எளிய மதிப்பெண் முறை இருக்கிறது. இடம், வலி, அரிப்பின் தன்மை, அளவு ஆகிய நான்குக்கும் ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 9 அல்லது அதற்கு மேல் வந்தால் முன்கூட்டியே கம்பி பொருத்துவது நல்லது. இடுப்பருகே இருப்பதற்கு 3, ஊன்றினால் வலிப்பதற்கு 3, எலும்பைக் கரைக்கும் வகை என்பதற்கு 3 என்று, அரிப்பின் அளவைப் பார்க்கும் முன்பே 9 வந்துவிடுகிறது. (சக மருத்துவர்களுக்கு ஒரு சொல்: ஒரே ஓர் இடத்தில் மட்டும் அரிப்பு இருந்தால், திசுப் பரிசோதனை செய்யாமல் கம்பியைச் செலுத்தாதீர்கள். அது எலும்பிலேயே தோன்றிய புற்றாக இருந்தால் தொடை முழுவதும் நீங்களே பரப்பியவர்கள் ஆவீர்கள்.)

வலிக்குக் கதிர்வீச்சு நல்ல மருந்து. 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவில் ஒரே ஒரு நாள் கொடுப்பது, பல நாள் கொடுப்பதற்கு இணையாக வலியைக் குறைக்கிறது. எனவே இதற்காக இரண்டு வாரம் ஊர்விட்டு ஊர் வந்து தங்க வேண்டியதில்லை. முதல் சில நாள் வலி சற்றுக் கூடலாம், முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். ஆனால் கதிர்வீச்சு எலும்பை உடனே வலுவாக்காது; முறியும் நிலையில் உள்ள எலும்புக்கு அது மட்டும் போதாது. எலும்பு கரைவதைத் தடுக்கும் சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப் போன்ற ஊசிகள் முறிவு வாய்ப்பைக் குறைக்கும். தொடங்கும் முன் பல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் ஊசிக்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். மார்ஃபின் என்றதும் 'கடைசி நாள்' என்று பதறாதீர்கள். அது வலி மாத்திரை; மலச்சிக்கலுக்கான மருந்தையும் சேர்த்து, மருத்துவர் சொன்ன நேரப்படி விழுங்கினால் போதும்.

வீட்டில் இவற்றைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். வலிக்கும் காலை எண்ணெய் தேய்த்து உருவ யாரையும் அனுமதிக்காதீர்கள். குந்தி உட்காரும் கழிப்பறை வேண்டாம். கமோடு நாற்காலி வாங்குங்கள். ஊன்றிய காலைத் திருகித் திரும்பக் கூடாது. கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். முறிந்ததாகச் சந்தேகம் வந்தால் காலை இழுத்து நேராக்காமல் 108-ஐ அழையுங்கள். முதுகு வலியோடு கால்கள் வலுவிழந்தாலோ சிறுநீர் நின்றாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

எந்த மருத்துவரிடம் எந்த வலிக்குப் போனாலும் பழைய புற்றுநோய் கோப்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள் என்பது என் வேண்டுகோள். நோயாளியிடமே நோயின் பெயரை மறைத்து வைக்கும் வீடுகளில், அவர் மருத்துவரிடம் எதைச் சொல்வார்? இந்த அம்மாவுக்கோ எல்லாம் தெரிந்திருந்தது. முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "முட்டி வலிக்கும் மார்புல எடுத்த கட்டிக்கும் என்னங்க சம்பந்தம்? யாரும் கேக்கவும் இல்லையே" என்றார்.