அழுத்தம் இருந்தாலும் காற்று உள்ளே வரும்

"லைனில் 5 பார் அழுத்தம் இருக்கிறதே, கேஸ்தானே வெளியே போகும்? காற்று எப்படி உள்ளே வரும்?" வாயுப் பகுப்பாய்வு வேலைக்குப் புதிதாக வருகிற எல்லாரும் இதைக் கேட்பார்கள்.

வரும். ஒவ்வொரு வாயுவும் தன் பகுதி அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவும். வெளிக்காற்றில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் சுமார் 0.21 பார். குழாய்க்குள் 5 பாரில் ஓடும் நைட்ரஜனில் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஆக்சிஜன் இருந்தால், அது வெறும் 0.000005 பார். ஆக்சிஜனைப் பொறுத்தவரை உள்ளே கிட்டத்தட்ட வெற்றிடம். நுண்ணிய இடுக்கு, ரப்பர் ஓ-ரிங், பிளாஸ்டிக் குழாய் எதன் வழியாகவும் அது நுழைந்துவிடும்.

ஓர் ஆய்வகத்தில் தூய நைட்ரஜனில் ஆக்சிஜன் அளவு குறையவே இல்லை. சிலிண்டரை மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்திருந்தார்கள். ஓட்டத்தைக் கூட்டிப் பார்க்கச் சொன்னேன், அளவு இறங்கியது. சிலிண்டரே அசுத்தம் என்றால் ஓட்டத்தைக் கூட்டினாலும் அளவு அப்படியேதான் இருக்கும். வழியில் நுழையும் காற்றென்றால், கேஸ் கூடக்கூட அது நீர்த்துப்போகும். கடைசியில் ஊசி வால்வின் தண்டைச் சுற்றியிருந்த பேக்கிங் என்கிற அடைப்பு தேய்ந்திருந்தது. இவ்வளவு நுண்ணிய அளவீட்டுக்குத் தண்டுப் பேக்கிங்கை நம்பாத டயாஃப்ரம் வால்வு போடுவதே நல்லது.

குழாய்களை இணைக்கும் பொருத்திகளில் வரும் கசிவுக்குப் பெரும்பாலும் நம் கைதான் காரணம். பரவலாகப் புழங்கும் இரட்டை ஃபெரூல் (குழாயைக் கவ்வி அடைக்கும் சிறு வளையம்) பொருத்தியில், கால் அங்குலக் குழாய்க்கு நட்டை விரலால் இறுக்கியபின் ஒன்றேகால் சுற்று. 1/8, 1/16 அங்குலக் குழாய்க்கு முக்கால் சுற்று. இது முதல்முறை மாட்டும்போது மட்டும். கழற்றி மறுபடி மாட்டினால் நட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து லேசாக இறுக்கினால் போதும், அதனால் முதலிலேயே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கசிகிறதே என்று மேலும் மேலும் முறுக்கினால் ஃபெரூல் நசுங்கி, பிறகு எப்போதுமே அடைக்காது. இங்கே டெஃப்லான் டேப்புக்கு வேலையில்லை. அடைப்பு ஃபெரூலில்தான், மரையில் இல்லை. ஒரு நிறுவனத்தின் நட்டையும் இன்னொன்றின் ஃபெரூலையும் தயவுசெய்து சேர்க்காதீர்கள்.

கசிவைக் கண்டுபிடிக்கச் சோப்புக் கரைசல் பெரிய லைன்களுக்குச் சரி. வாயுக் கலவையைப் பிரித்து அளக்கும் குரோமட்டோகிராஃப் கருவியில், கேபிலரி காலம் (column) என்கிற மெல்லிய குழாயின் இணைப்பில் வேண்டாம், திரவம் உள்ளே போய்விடும். அங்கே எலெக்ட்ரானிக் கசிவுமானிதான். பாலிமைடு கலந்த கிராஃபைட் ஃபெரூல் அந்தக் கருவியின் அடுப்புச் சூட்டில் சுருங்கும், அதனால் சில முறை சூடேறி ஆறியபின் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.

அப்புறம், ஹைட்ரஜன் லைன். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும். அதில் கசிவு தெரிந்தால் முதலில் சிலிண்டரை மூடி அழுத்தத்தை இறக்குங்கள். அதன்பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.