பாட்டிலுக்குள் உலர்திராட்சை ஏன் மிதக்கிறது?

ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மீந்து காய்ந்துபோன பிரெட்டைக் கொண்டு ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் காலங்காலமாகச் செய்துவரும் ‘க்வாஸ்’ என்னும் நுரை பொங்கும் புளிப்புப் பானத்தை, அவரும் சேலம் அம்மாப்பேட்டையில் வசிக்கும் அவருடைய அக்காவும் ஒரே நாளில், ஒரே அளவுகளில் செய்திருக்கிறார்கள். அக்காவின் பாட்டிலில் போட்ட உலர்திராட்சை மறுநாளே மேலே மிதந்துவிட்டது. இவருடையது மிதக்க மூன்று நாள் ஆயிற்று. “உன் அக்காவுக்குக் கைராசி இருக்கிறது, உனக்கு இல்லை” என்று மாமியார் சொல்லிவிட்டாராம். கைராசிதான் காரணமா, திராட்சை எதனால் மிதக்கிறது என்று கேட்கிறார். கேள்வியோடு இரண்டு சமையலறைகளின் வெப்பநிலையையும் அளந்து அனுப்பியிருக்கிறார் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது: ஏற்காட்டில் 17 டிகிரி செல்சியஸ், சேலத்தில் 31.

செய்முறை எளியது. 200 கிராம் பழைய பிரெட்டைக் கருகாமல் நன்றாகச் சிவக்க வாட்டி, அதன்மேல் இரண்டு லிட்டர் கொதிநீரை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டு, மெல்லிய துணியில் வடிகட்டி, 80 கிராம் நாட்டுச் சர்க்கரையும் ஒரு கைப்பிடி உலர்திராட்சையும் சேர்த்து, துணியால் மூடி ஒரு பகல் வைத்துப் பிறகு பாட்டிலில் அடைக்க வேண்டும். காய்ந்த பிரெட் வேறு, பூசணம் பூத்த பிரெட் வேறு. பூசணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டி உள்ளே ஓடியிருக்கும். அவற்றின் நச்சு வாட்டினாலும் போகாது என்பதால் அத்தகைய பிரெட்டைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

இந்தப் பானத்தைப் புளிக்க வைப்பது பிரெட் அன்று. பிரெட்டை உப்பவைத்த ஈஸ்ட்டுகள் அடுப்பிலேயே மடிந்துவிட்டன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதிகளும் அங்கேயே அழிந்துவிட்டன. ஆகவே பிரெட் தருவது நிறமும் மணமும் நுண்ணுயிர்களுக்கு வேண்டிய சில சத்துகளும்தான். எரிபொருள் நாம் சேர்க்கும் சர்க்கரை. உயிர் வருவது பெரும்பாலும் உலர்திராட்சையின் தோலில் ஒட்டியிருக்கும் காட்டு ஈஸ்ட்டுகளிடமிருந்தும் பாக்டீரியாக்களிடமிருந்தும். மஞ்சள் நிறத்துக்காகக் கந்தகப் புகை காட்டிய திராட்சையைவிடக் கருந்திராட்சை இதற்கு நல்லது என்பதன் காரணமும் இதுவே. ஈஸ்ட்டு சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவையும் சிறிது ஆல்கஹாலையும் வெளியிடுகிறது; லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் புளிப்பைத் தருகின்றன. நம் இட்லி மாவைப் பொங்கவைக்கும் லியூகோனாஸ்டாக் அந்தப் பாக்டீரியாக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இனி கைராசிக்கு வருவோம். இந்த வெப்பநிலைகளில் பத்து டிகிரி கூடினால் நுண்ணுயிர்களின் வேலை ஏறக்குறைய இருமடங்கு வேகம் பெறும். பதினான்கு டிகிரி வித்தியாசத்துக்குக் கணக்குப் போட்டால் இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் வருகிறது. சேலத்தில் ஒரு நாள் என்றால் ஏற்காட்டில் மூன்று நாளுக்குக் கொஞ்சம் குறைவு. வாசகி கண்டதும் அதுவே. மாவு பொங்காத குளிர்நாளுக்கும், கெட்டுப்போன ஊறுகாய்க்கும் வீட்டுப் பெண்ணின் கையையும் மாதவிலக்கையும் குற்றம் சொல்லும் வழக்கத்தை நான் மனதார வெறுக்கிறேன். ஒரு வெப்பமானி தீர்த்துவைக்கும் வழக்கில் ஒரு பெண் ஆயுள் முழுவதும் குற்றவாளியாக நிற்கிறாள். நம் சமையலறைகளில் வாழும் நுண்ணுயிர்களை ஊர் ஊராகச் சேகரித்து ஆராய்வதற்கு அரசு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திராட்சை மிதப்பதுதான் இதில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. நீருக்குள் ஒரு குமிழி பிறப்பது நாம் நினைப்பதுபோல் எளிய காரியம் அன்று. நீரின் பரப்பு இழுவிசை எந்தக் குமிழியையும் சுற்றி நின்று நசுக்குகிறது. குமிழி எவ்வளவு சிறியதோ அவ்வளவு கடுமையாக நசுக்குகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள குமிழியின்மேல் இந்த நெருக்கல் மட்டும் வளிமண்டல அழுத்தத்தைப்போல் பதினான்கு மடங்கு இருக்கும். வெறும் நீரின் நடுவே சில வாயு மூலக்கூறுகள் கூடிக் குமிழியாக முயன்றால், பிறந்த கணமே நசுங்கி மீண்டும் கரைந்துவிடும். எனவே வாயு நிரம்பிய நீரும் குமிழி விடாமல் அமைதியாகக் காத்திருக்கும்.

திராட்சையின் சுருக்கங்கள் அந்தத் தடையைத் தாண்டவைக்கின்றன. நீரில் போடும்போது ஆழமான மடிப்புகளுக்குள் நீர் முழுவதும் நுழைவதில்லை. நுண்ணிய காற்றுப் பைகள் அங்கே சிக்கிக்கொள்கின்றன. கரைந்த வாயு புதிதாகக் குமிழி படைக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கும் பைக்குள் நுழைந்து அதை ஊதிப் பெரிதாக்கினால் போதும். நேற்று இரவு என் பாட்டிலின் பின்னால் டார்ச் விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊறி உப்பிய ஒரு திராட்சையின் ஒரே மடிப்பிலிருந்து குமிழிகள் வரிசையாக முளைத்தன. சில பிய்த்துக்கொண்டு மேலேறின, சில தோலிலேயே ஒட்டி நின்றன. ஒட்டியவை போதுமான அளவு சேர்ந்ததும் திராட்சை தரையைவிட்டு மெல்ல எழுந்து, மேற்பரப்பைத் தொட்டுப் புரண்டது. மேலே வந்த குமிழிகள் உடைந்தன. அது தயங்கித் தயங்கி மறுபடி அடிக்கு இறங்கியது.

இங்கும் குளிர் ஏற்காட்டைத் தாமதப்படுத்துகிறது. வளிமண்டல அழுத்தத்தில் 15 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 2 கிராம் கரியமில வாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் சுமார் 1.25 கிராம்தான். குளிர்ந்த நீர் வாயுவை விழுங்கிக்கொண்டு குமிழி காட்டாமல் இருக்கிறது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு என்பது இதைச் சிறிது ஈடுசெய்யும். மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிப்பதற்குள் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொள்வது அந்தக் குறைவினால்தான்.

திராட்சை மிதந்த பிறகும் பாட்டிலை வெளியே விட்டுவைப்பது ஆபத்து. 4 கிராம் சர்க்கரையிலிருந்து ஏறக்குறைய 2 கிராம் வாயு வரும்; அறை வெப்பத்தில் அது ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமான கன அளவு. கடையில் விற்கும் குளிர்பானத்தில் ஒரு லிட்டருக்கு மூன்று, நான்கு லிட்டர் வாயுதான் அடைபட்டிருக்கிறது. நம் பானத்திலோ லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை இருக்கிறது. அத்தனையும் மூடிய பாட்டிலுக்குள் புளித்தால் பத்து லிட்டருக்கு மேல் வாயு சேர்ந்து கண்ணாடி வெடித்துச் சிதறும். ஆல்கஹாலும் இரண்டரை சதவீதத்தை எட்டும். முன்னதாக நிறுத்தினால் அது குறைவாக இருக்குமே தவிர இல்லாமல் போகாது என்பதால் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

ஆகவே வாசகிக்கு நான் சொல்வது: காலிக் குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலில் நான்கு விரல்கடை இடம் விட்டு அடையுங்கள், கம்பளித் துணியில் சுற்றி, இரவில் அடுப்பின் அருகே, சூடு நேரே படாத இடத்தில் வையுங்கள். காலையிலும் மாலையிலும் பாட்டிலை அழுத்திப் பாருங்கள். திராட்சை மேலே நின்று, பாட்டில் கல்போல் இறுகியதும் ஃபிரிட்ஜுக்கு மாற்றி, ஒரு நாள் முழுதும் குளிர்ந்த பிறகு மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகித் திறங்கள்.