முதலில் பூட்டை உடைக்கட்டும்

சனிக்கிழமைகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைச் சொல்லிக்கொடுக்கிறேன். பிழைப்பு கணினிப் பாதுகாப்பில். முதல் வருடம் "பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே" என்று ஒரு மணி நேரம் பேசினேன். கொட்டாவி விட்டார்கள்.

இப்போது முதல் வகுப்பிலேயே பூட்டை உடைக்க விடுகிறேன். ஒருவர் நாலு இலக்க எண் ஒன்றைப் பூட்டாக வைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் ஃபார் லூப், அதாவது எண்களை ஒவ்வொன்றாகத் தானே போட்டுப் பார்க்கும் நிரல், எழுதிக் கண்டுபிடிக்க வேண்டும். 0000 முதல் 9999 வரை மொத்தமே 10,000 எண்கள், கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். போன மாதம் ஒரு பையனுக்கு மட்டும் விடையே வரவில்லை. என்னடா என்று பார்த்தால், பக்கத்துப் பெண் வைத்திருந்தது 0412. அவன் லூப் 410, 411, 412 என்று எண்ணிக்கொண்டு போகிறது, முன்னால் இருக்கும் பூஜ்ஜியம் அதற்குத் தெரியவே தெரியாது! எழுத்தாக மாற்றி முன்னால் பூஜ்ஜியம் நிரப்பியதும் பூட்டு திறந்துகொண்டது. அப்புறம் அவனே, "டிசம்பர் நாலு, உன் பிறந்தநாள்தானே?" என்றான். பிறந்தநாள் என்று தெரிந்துவிட்டால் 10,000 எதற்கு, 366 போதும்.

"சார், ஏடிஎம்ல மூணு தடவை தப்பா போட்டா கார்டு பிளாக் ஆகுதே, இதுக்குத்தானா?" என்று பின்பெஞ்சிலிருந்து கேள்வி வந்தது. அதுவரை அவர்களுக்கு அது பேங்க்காரர்களின் தொல்லை.

'திருட்டுப் பாடம் நடத்துறீங்களா' என்று ஓர் ஆசிரியர் பாதி விளையாட்டாகக் கேட்டார். நியாயமான கேள்விதான். கெட்ட எண்ணத்தோடு அடுத்தவர் கணக்கில் புகுந்தால் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை என்பதையும் அதே வகுப்பில் சொல்லிவிடுகிறேன்.

லிங்க்குக்கு நான் சொல்வது தபால் முகவரி. கதவு எண், தெரு என்று போய் ஊர் கடைசியில்தானே வரும்? வலை முகவரியிலும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னால், கடைசியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் அரசுப் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், 'டாட் ஜிஓவி டாட் இன்' (.gov.in) என்று முடிகிறதா என்பதுதான் கணக்கு. யுபிஐக்கு இன்னும் சுருக்கம்: பணம் நமக்கு வருவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை, கேட்டால் நம் பணம் போகப் போகிறது. போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும்.

இதெல்லாம் பிள்ளைகளோடு நிற்பதில்லை, வீட்டுக்கும் போகிறது. 0412 பெண், பாட்டியின் ஏடிஎம் கார்டு உறையில் பேனாவால் எழுதியிருந்த எண்ணை அழித்துவிட்டாள். இப்போது பாட்டி மெஷின் முன்னால் நின்றுகொண்டு, கியூவில் எல்லாரும் கேட்க, ஸ்பீக்கரில் இவளிடம் நம்பர் கேட்கிறாராம். "என்ன சார் பண்றது?" என்கிறாள்.