கழிப்பிடத்து மண் காட்டிக்கொடுத்த முகாம்

"இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் ஆற்றங்கரையில் இரண்டு ராத்திரி தங்கிவிட்டுப் போனது. அது இந்த இடம்தான் என்று இன்றைக்கு எப்படி அடித்துச் சொல்கிறார்கள்?" லூயிஸ்-கிளார்க் பயணத்தைப் பற்றிப் படித்த வாசகி ஒருவரின் கேள்வி இது. பதில் கொஞ்சம் மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும். ஆனால் எனக்கு மிகவும் பிடித்த பதில்.

முதலில் கதைச் சுருக்கம். மிசிசிப்பிக்கு மேற்கே பசிபிக் கடல் வரை போய்வரும்படி அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் அனுப்பிய ராணுவக் குழு 1804 மே மாதம் கிளம்பியது. மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் இருவரும் தலைவர்கள். 1805 செப்டம்பர் 9 அன்று இப்போதைய மொன்டானா மாநிலத்தில், பிட்டர்ரூட் ஆற்றில் கலக்கும் லோலோ ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தார்கள். மேற்கே பனி மூடிய மலைகள். குதிரைகள் களைத்திருந்தன. வானம் தெளிந்திருந்ததால், ஒரு நாள் தங்கி இளைப்பாறலாம் என்று லூயிஸ் முடிவு செய்தார். ஓடைக்கு 'பயணிகளின் ஓய்விடம்' என்று பெயரும் வைத்தார். திரும்பி வரும்போது 1806 ஜூன் 30 முதல் ஜூலை 3 வரை மறுபடியும் அங்கேதான் முகாம். அந்தப் பகுதியின் பூர்வகுடிகளான ஸாலிஷ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வந்து தங்கிப் பழகிய இடம் அது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளையர் 'கண்டுபிடித்த' இடமல்ல.

1960-ல் அரசு ஓடையும் ஆறும் சேரும் இடத்தையே முகாம் என்று வைத்து, தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. குழுவினரின் நாட்குறிப்புகளை ஊன்றிப் படித்தவர்களுக்கு அது சரியாகப் படவில்லை. ஒன்றரை மைல் வாக்கில் ஓடையின் மேற்பக்கமாக இருக்க வேண்டும் என்றார்கள். 2002-ல் அங்கே தோண்டியபோது அடுப்புக் கரி, உருகி உறைந்த ஈயத் துளி, சின்னஞ்சிறு நீலக் கண்ணாடி மணி ஒன்று, இவையெல்லாம் கிடைத்தன. ஆனால் மணியைப் பண்டமாற்றில் யார் வேண்டுமானாலும் கொண்டுவந்திருக்கலாம். துப்பாக்கிக்குக் குண்டு வார்த்த வேட்டைக்காரர்கள் பிறகும் அந்தப் பக்கம் வந்தார்கள். கரியின் வயதைக் கார்பன் முறையில் கணக்கிட்டால், கடைசி முந்நூறு ஆண்டுகளில் 1805-ஐயும் 1840-ஐயும் பிரித்துச் சொல்ல முடியாது. அப்புறம்தான் நீளமான ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. அமெரிக்க ராணுவத்துக்கு 1779-ல் ஃபான் ஸ்டாய்பென் எழுதிய கையேடு, கழிப்பிடத்தை முகாமிலிருந்து 300 அடி தள்ளி வெட்டச் சொல்கிறது. அடுப்புகளுக்கும் இந்தப் பள்ளத்துக்கும் இடையே கிட்டத்தட்ட அதே தூரம்தான்.

அந்தப் பள்ளத்து மண்ணில் பாதரசம் இருந்தது.

அது எங்கிருந்து வந்தது? பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ் தயாரிக்கச் சொன்ன பேதி மாத்திரையில் 50 டஜன், அதாவது 600, குழுவின் மருந்துப் பெட்டியில் இருந்தது. 'இடி' என்று செல்லப்பெயர் வாங்கிய மாத்திரை. அதில் இரண்டு சரக்கு. ஒன்று ஜாலப் என்ற மெக்சிகோ கிழங்கு. நம் சித்த மருத்துவத்தின் சிவதை வேரும் இதே குடும்பம், இதே வேலை. இன்னொன்று கலோமல் என்கிற பாதரசக் குளோரைடு. நம் ஊரில் பூரம் என்பார்களே, அதேதான். வயிறு சரியில்லை என்றாலும் காய்ச்சல் என்றாலும் இதுதான் மருந்து. மேகநோய்க்கும், அதாவது சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கும், அந்தக் காலத்தில் பாதரசம்தான்.

பூரம் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. அதனால் விழுங்கியதில் பெரும்பகுதி உடம்பில் சேராமல் வெளியேறி நேராகப் பள்ளத்துக்குப் போய்விடும். மற்ற கழிவு மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும், பாதரசம் ஒரு தனிமம் என்பதால் அதற்கு மக்குவது என்பதே கிடையாது. மழைநீர் அடித்துக்கொண்டு போகாதா என்று கேட்கலாம். பாதரசத்துக்குக் கந்தகத்தின் மேல் தீராத ஒட்டுதல். மலத்திலும் மக்கிலும் கந்தகம் தாராளம். அதோடு இறுகப் பிணைந்துவிட்டால் அவ்வளவு எளிதில் நகராது.

சரி, கண்ணுக்குத் தெரியாத இவ்வளவு துளியூண்டு பாதரசத்தை எப்படிப் பிடிப்பது? நான் மயங்கிக் கிடக்கும் இடம் இதுதான். வீட்டு ட்யூப் லைட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் கொஞ்சம் பாதரச ஆவி இருக்கிறது. மின்சாரம் பாயும்போது அது முக்கியமாக 253.7 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியை உமிழ்கிறது. அந்த ஒளி நமக்குத் தெரியாது, உட்பக்கத்து வெள்ளைப் பூச்சுதான் அதை வாங்கிக்கொண்டு வெளிச்சமாக மாற்றித் தருகிறது. எந்த அணுவும் தான் உமிழும் ஒளியையே விரும்பி விழுங்கவும் செய்யும். ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் சின்னக் குழந்தை தள்ளினாலும் ஏறும், தாளம் தப்பினால் பெரியவர் தள்ளினாலும் ஏறாது, அந்த மாதிரி.

ஆய்வகங்களில் ஒரு செய்முறை காட்டுவார்கள். பூச்சு இல்லாத பாதரச விளக்கின் புற ஊதா ஒளியை ஒளிரும் திரையில் விழச் செய்து, நடுவே காற்றோட்டமான பெட்டிக்குள் ஒரு சொட்டுப் பாதரசத்தை வைப்பார்கள். வெறும் கண்ணுக்குச் சொட்டின் மேல் ஒன்றுமே இல்லை. திரையிலோ, சாம்பிராணிப் புகை மாதிரி கருநிழல் சுருண்டு சுருண்டு எழும்பும்! அறை வெப்பத்திலேயே கிளம்பும் ஆவி அது. மற்ற உலோகங்களைத் தனித்தனி அணுக்களாகப் பறக்கவிடத் தீச்சுடரே வேண்டும், பாதரசம் சும்மா இருந்தாலே பறக்கிறது.

பாதரச ஆவியை அளக்கும் கருவிகளில் ஒரு வகை இந்த நிழலைத்தான் அளக்கிறது. மண்ணைச் சூடாக்கினால் கந்தகத்தின் பிடி விட்டு ஆவி வெளியே வரும். அதை ஒரு குழாய்க்குள் செலுத்தி, ஒரு முனையில் பாதரச விளக்கும் மறுமுனையில் உணரியும் வைத்தால், வழியில் எவ்வளவு ஒளி குறைந்ததோ அவ்வளவு பாதரசம். மண்ணில் நூறு கோடியில் ஒரு பங்கு இருந்தாலும் தெரிந்துவிடும். இயற்கை மண்ணிலும் துளி பாதரசம் உண்டு என்பதால் சுற்றியுள்ள மண்ணையும் எடுத்து ஒப்பிட வேண்டும். லோலோவில் பள்ளத்து மண்தான் உயர்ந்து நின்றது.

அகழாய்வு என்றாலே பொற்காசு வருமா, சிலை வருமா என்று பார்க்கும் வழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. அள்ளிக் கொட்டும் மண்தான் இங்கே சாட்சி சொன்னது. மண் மாதிரியை எடுத்துப் பத்திரப்படுத்தவும் பரிசோதிக்கவும் பணம் ஒதுக்காத அகழாய்வு, கையில் கிடைத்த ஆவணத்தைப் படிக்காமலே எரித்துவிடுகிறது என்றுதான் சொல்வேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதிர்ஷ்டம் தரும் என்று பாதரசத்தில் செய்த ரசமணி வாங்கிக் கழுத்தில் கட்டிக்கொள்கிறவர்கள் அந்தத் திரையில் எழும்பும் நிழலை ஒருமுறை பார்க்க வேண்டும். ரஷ் மாத்திரைக் காலத்திலும் பாதரசத்தைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு எச்சில் ஊறி வழிந்தது, ஈறு புண்ணாகிப் பல் ஆடியது. மருத்துவர்கள் அதையே மருந்து வேலை செய்வதற்கு அடையாளம் என்று நம்பினார்கள்.

1806 ஜூலை 2 அன்று, இதே முகாமில் லூயிஸ் எழுதிய குறிப்பு ஒன்று இருக்கிறது. குட்ரிச், மெக்நீல் என்ற இரண்டு வீரர்களுக்கு மேகநோய் முற்றியிருந்தது. மிசௌரி அருவிப் பக்கம் ஓய்வாக இருக்கும்போது அவர்கள் தாராளமாகப் பாதரசம் எடுத்துக்கொள்ளலாம், அவர்களை அங்கே கூட்டிப்போவதே முக்கியமாக அதற்காகத்தான் என்கிறார். மறுநாள் குழு இரண்டாகப் பிரிந்தது. கிளார்க் யெல்லோஸ்டோன் ஆற்றை நோக்கிப் போனார், லூயிஸ் அந்த இருவரோடு அருவிப் பக்கம் போனார். அங்கே அவர்கள் வெட்டிய பள்ளத்தை வெள்ளம் அரித்துக்கொண்டு போகாமல் இருந்தால், அந்த மண்ணிலும் பாதரசம் காத்திருக்க வேண்டும்.