விதையை விடுங்கள், துண்டைப் பாருங்கள்

"டாக்டர், பையன் ஆப்பிள் விதையை முழுங்கிட்டான். சயனைடாமே?"

குழந்தை மருத்துவராக நள்ளிரவில் எனக்கு வரும் அழைப்புகளில் இது மனப்பாடம். போன வாரமும் வந்தது. அன்று பகலில்தான் 14 மாதக் குழந்தை ஒன்றின் மூச்சுக்குழாயிலிருந்து ஆப்பிள் துண்டை எடுத்திருந்தார்கள். அந்த எரிச்சலில், விதைக்காக அழைத்த அப்பாவிடம் கொஞ்சம் கடுப்பாகவே பேசிவிட்டேன்.

சரி, முதலில் விதை. அதில் இருப்பது அமிக்டலின். விதை நொறுங்கினால்தான் அதிலிருந்து சயனைடு உண்டாகும். முழுதாக விழுங்கினால் கெட்டியான தோலோடு அப்படியே மலத்தில் வந்துவிடும். ஒன்றிரண்டை மென்றே தின்றிருந்தாலும் அந்தச் சொற்ப அளவை உடல் சமாளித்துக்கொள்ளும். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பு கரைத்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த உப்பு செய்யும் கேட்டை ஒற்றை விதை செய்யாது. விதையோடு மிக்சியில் அடிப்பதை மட்டும் தவிருங்கள், போதும். மறுநாள் அந்த அப்பா டயப்பரைப் படமெடுத்து அனுப்பினார். விதை முழுசாக இருந்தது.

விதைக்கு இவ்வளவு பதறுகிறவர்கள், பல் முளைக்கிறதே என்று கையில் ஆப்பிள் துண்டைக் கொடுத்து உட்காரவைக்கிறார்கள். முன்பல் கடிக்கும், அரைக்காது. அரைக்கக் கடைவாய்ப் பல் வேண்டும். பால்பற்கள் எல்லாம் வந்து முடியவே இரண்டரை வயது ஆகிவிடும். அதன் பிறகும் ஒழுங்காக மென்று விழுங்கப் பழக வேண்டும். தோல் சீவிவிட்டோமே என்கிறார்கள். தோலா அடைக்கிறது?

அந்த 14 மாதக் குழந்தைக்கு இரண்டு வாரமாக இருமலும் இழுப்பும். சாப்பிடும்போது புரையேறியதா என்று மூன்றாம் முறை கேட்டபோதுதான் அம்மாவுக்கு நினைவு வந்தது. "ஆமா டாக்டர், ஆனா உடனே சரியாகிடுச்சே." இந்த 'சரியாகிடுச்சே'தான் எனக்குப் பெரிய எதிரி. இருமல் அடங்கியது என்றால் துண்டு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. கீழே இறங்கி நுரையீரலுக்குப் போகும் ஒரு கிளையில் உட்கார்ந்திருக்கலாம். காசு என்றால் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், ஆப்பிள் தெரியாது. (படம் சுத்தமாக இருக்கிறதே என்று நாங்களும் ஏமாந்ததுண்டு.) கடைசியில் மயக்கம் கொடுத்து, குழாயை உள்ளே இறக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

4 வயது வரை ஆப்பிளை வேகவையுங்கள், இல்லையென்றால் துருவிக் கொடுங்கள். வேகவைத்த துண்டு இரண்டு விரலுக்கு நடுவே சுலபமாக நசுங்க வேண்டும். உட்காரவைத்து ஊட்டுங்கள், ஓடுகிற பிள்ளையைத் துரத்தி ஊட்டாதீர்கள், வாயில் துண்டு இருக்கும்போது சிரிப்புக் காட்டாதீர்கள்.

அடைத்துக்கொண்டால்? சத்தமாக இருமினால் இரும விடுங்கள். சத்தமே வராமல் திணறினால் உடனே ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொல்லிவிட்டு முதலுதவியைத் தொடங்குங்கள். ஒரு வயதுக்குக் கீழ் என்றால் தலை தாழ்ந்திருக்கும்படி கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை தட்டுங்கள். வராவிட்டால் மல்லாத்தி, நடு மார்பில் 5 முறை அழுத்துங்கள். துண்டு வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒரு வயதுக்கு மேல் மார்புக்குப் பதிலாக வயிற்றை அழுத்த வேண்டும். அதை நேரில் ஒருமுறை கற்றுக்கொள்ளுங்கள், தயவுசெய்து. கண்ணுக்குத் தெரியாத துண்டை விரலால் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போகும்.

அப்புறம், புரையேறிய பிறகு இருமலோ இழுப்போ விடவில்லை என்றால், நாங்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே அதைச் சொல்லுங்கள்.