தனியார் ஆலைக்கு அரசு தரும் சலுகை: கணக்கைக் கேட்டு வாங்குவது எப்படி?

ஒரு பெரிய நிறுவனம் நம் மாவட்டத்துக்கு வருகிறது என்றால், செய்தியில் இரண்டு எண்கள் தவறாமல் இருக்கும்: இத்தனை கோடி முதலீடு, இத்தனை பேருக்கு வேலை. அந்த ஆலைக்காக அரசு விட்டுக்கொடுக்கும் தொகை எவ்வளவு என்பது பெரும்பாலும் வராது. ஆனால் அது நம் வரிப்பணம். அதன் கணக்கைக் கேட்கச் சட்டமே வழி வைத்திருக்கிறது.

சலுகை பல வடிவில் போகிறது. தமிழ்நாட்டின் 2021 தொழில் கொள்கையில் முதலீட்டின் அளவு, வேலைவாய்ப்பு, ஆலை அமையும் மாவட்டம் ஆகியவற்றைப் பொறுத்து அது மாறும். மூலதன மானியம், மாநில ஜிஎஸ்டியைத் திருப்பித் தருவது, மின்சார வரி விலக்கு, முத்திரைத் தீர்வை விலக்கு, சிப்காட் (தொழிற்பேட்டைகளை அமைக்கும் மாநில அரசு நிறுவனம்) தரும் நிலத்தின் விலையில் குறைப்பு என்று பட்டியல் நீளும். மிகப் பெரிய முதலீடு என்றால் அந்த நிறுவனத்துக்கென்றே தனித் தொகுப்பு பேசி முடிப்பார்கள்.

இதில் மானியமாகக் கொடுத்தது பட்ஜெட்டில் செலவாகத் தெரியும். வசூலிக்காமல் விட்ட வரி அப்படிச் செலவுக் கணக்கில் வராது. எனக்கு அதிகக் கவலை இந்த இரண்டாவதைப் பற்றித்தான். மத்திய அரசாவது வரிச் சலுகைகளால் குறையும் வருவாயைப் பட்ஜெட்டோடு ஓர் அறிக்கையாக வைக்கிறது. அதிலும் எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு என்று இருக்காது.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை நினைத்துப் பாருங்கள். 2005ல் மாநில அரசோடு ஒப்பந்தம் போட்டு, வரியைத் திரும்பப் பெறுவது உட்படப் பல சலுகைகளோடு வந்தது. 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. மூடியதற்குக் காரணங்கள் பல. ஆனால் கொடுத்தது எவ்வளவு, அதற்கு ஈடாகக் கிடைத்தது எவ்வளவு என்பது வருடா வருடம் மக்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005ன் பிரிவு 4(1)(b), மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் பயன்பெற்றவர்களின் விவரத்தையும் அரசு அலுவலகங்கள் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. சலுகை பெற்றவர்களின் விவரமும் அதில் அடக்கம். வெளியிடவில்லையா, 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம். தொழில் துறைக்கோ சிப்காட்டுக்கோ அதன் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு அனுப்பினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. “இவ்வளவு சலுகை கொடுத்தது நியாயமா?” என்று கேட்டால், அது தகவல் இல்லை, கருத்து என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோப்பில் இருப்பதைக் கேளுங்கள்: “இந்த எண்ணுள்ள அரசாணைப்படி இந்த நிறுவனத்துக்கு இதுவரை விடுவித்த மானியம், ஆண்டு வாரியாக”, “திருப்பித் தந்த மாநில ஜிஎஸ்டி, ஆண்டு வாரியாக”, “வேலைவாய்ப்பு எண்ணிக்கையைச் சரிபார்த்த அறிக்கையின் நகல்.” என்னைக் கேட்டால் இந்த மூன்றாவதுதான் மிக முக்கியம். வேலை தருவோம் என்று சொல்லித்தானே சலுகை வாங்கினார்கள்?

பதில் 30 நாளில் வர வேண்டும். நிறுவனத்தின் கருத்தைக் கேட்க வேண்டியிருந்தால் 40 நாள் வரை ஆகலாம். மறுத்தால் பெரும்பாலும் காரணம் பிரிவு 8(1)(d), அதாவது வணிக ரகசியம். உற்பத்தி நுட்பம் ரகசியமாக இருக்கலாம். அரசு கொடுத்த தொகை எப்படி ரகசியமாகும்? பெரிய அளவில் பொதுநலன் இருந்தால் அந்த விலக்கையும் மீறித் தகவல் தரலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆவணத்தில் ரகசியப் பகுதியை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தர பிரிவு 10 இடம் கொடுக்கிறது. முதல் மேல்முறையீட்டில் இந்த இரண்டையும் எழுதுங்கள். அதை 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அங்கும் நடக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

அப்புறம், மனு போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் (சிஏஜி) அறிக்கைகள் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட பிறகு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். சிப்காட் போன்ற அரசு நிறுவனங்களும் அந்தத் தணிக்கைக்குள் வருகின்றன. அதில் உங்கள் ஊர்த் திட்டத்தைப் பற்றி ஒரு பத்தி இருந்தால், அந்தப் பத்தியின் எண்ணைக் குறிப்பிட்டு, துறை எடுத்த நடவடிக்கையின் நகலைக் கேளுங்கள்.