ஆபரேஷனுக்கு அப்புறம் வயிறு உப்பினா எல்லாமே கேஸ் இல்லைங்க

கர்ப்பப்பை ஆபரேஷனோ சிசேரியனோ முடிஞ்சவங்களைப் பாக்க ரவுண்ட்ஸ் போனா முதல் கேள்வியே "கேஸ் பிரிஞ்சுதாம்மா?"ங்கறதுதான். பல பேர் வெக்கப்பட்டு சிரிச்சுக்குவாங்க, பக்கத்துல நிக்கிற மாமியார்தான் பதில் சொல்லுவாங்க. ஆனா எங்களுக்கு அந்த பதில் ரொம்ப முக்கியம். மயக்க மருந்து, வலி ஊசி, வயித்துக்குள்ள கை பட்டது எல்லாம் சேர்ந்து குடல் கொஞ்சம் ஸ்ட்ரைக் பண்ணும், சிறுகுடல் ஒரு நாள்ல சரியாயிடும், பெருங்குடலுக்கு ரெண்டு மூணு நாள்கூட ஆகும். அதுவரைக்கும் உப்புசம், பசியில்லாம இருக்கறது சகஜம். லேப்ராஸ்கோப்பி (சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு பண்ற ஆபரேஷன்) பண்ணவங்களுக்கு தோள்பட்டை வலிக்கும், உள்ள நிரப்பின கார்பன் டை ஆக்ஸைடு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற உதரவிதானத்தை உறுத்தறதால வர்றது, தானா போயிடும் (மூச்சுத்திணறலும் சேர்ந்து வந்தா அது வேற கணக்கு, உடனே சொல்லணும்).

மலச்சிக்கலுக்கு பாதி காரணம் நம்ம வீட்டுலதான் இருக்கு. தண்ணி குடிச்சா தையல் சீழ் கோக்கும்னு ஒரு டம்ளரோட நிறுத்திடறாங்க, பருப்பு கூடாது காய் கூடாது, மேல இரும்புச்சத்து மாத்திரை வேற, அப்புறம் எப்படி மோஷன் போகும்? தண்ணிக்கும் சீழுக்கும் சம்பந்தமே இல்லைங்க.

நான் கவனிக்கச் சொல்றது ஒண்ணுதான், நேத்தைக்கு இன்னைக்கு தேவலையா இல்ல மோசமா? டிஸ்சார்ஜ் ஆகி வந்து இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருந்தவங்களுக்கு நாலாவது அஞ்சாவது நாள் திடீர்னு வயிறு கல்லு மாதிரி ஆகி, பச்சையா வாந்தி, காய்ச்சல், படபடப்பு, கேஸும் பிரியலைன்னா காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க, அன்னைக்கு ராத்திரியே கிளம்புங்க. ஆபரேஷன்ல கரண்ட் கருவியோட சூடு குடல்ல பட்டிருந்தா அந்த இடம் சில நாள் கழிச்சுத்தான் ஓட்டையாகும், அதனாலதான் முதல் ரெண்டு நாள் நல்லா இருந்தாங்களேங்கறதை வெச்சு நம்பிட முடியாது. அந்த நேரத்துல ஓம வாட்டர், சோடா, பேதி மாத்திரை, எனிமா எதுவும் வீட்டுல குடுக்காதீங்க. முதல்ல ஆபரேஷன் பண்ண டாக்டருக்கே போன் போடுங்க, உள்ள என்ன பண்ணாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும், சிடி ஸ்கேன் வேணுமா, குடல் சர்ஜன் பாக்கணுமான்னு தயங்காம கேளுங்க, கேட்டா யாரும் கோச்சுக்க மாட்டாங்க. அவங்க கிடைக்கலைன்னா சர்ஜன் இருக்கற எமர்ஜென்சிக்கு நேரா போயிடுங்க.

இன்னொண்ணு வருஷக்கணக்கா கழிச்சு வரும். உள்ள ஆறின இடத்துல குடல் ஒட்டிக்கிட்டு ஒரு நாள் மடங்கி அடைச்சுக்கும், விட்டு விட்டு முறுக்கி வலிக்கும், வாந்தி வரும். ஏதாவது ஆபரேஷன் பண்ணீங்களான்னு கேட்டா இல்லைம்பாங்க, வயித்தைப் பாத்தா தழும்பு இருக்கும், "அது கர்ப்பப்பைக்குதானே டாக்டர், பதினஞ்சு வருஷம் ஆச்சே"ம்பாங்க. பல பேருக்கு மூக்கு வழியா டியூப் போட்டு ட்ரிப்ஸ் ஏத்தினாலே ரெண்டு மூணு நாள்ல திறந்துக்கும், கத்தி தேவைப்படாது, ஆனா அது சீக்கிரம் வந்தவங்களுக்குத்தான்.

அப்புறம் பிறப்புறுப்பு வழியா காத்தோ மலமோ வந்தா யார்கிட்டயும் சொல்லாம பேட் வெச்சுக்கிட்டு நாள் கடத்தறவங்க இருக்காங்க. அது குடலுக்கும் அங்கேயும் நடுவுல வழி விழுந்துட்டதுங்கறதுக்கான அடையாளம், சரி பண்ணக்கூடியதுதான். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கிட்டு வாங்க, சொல்ல கூச்சமா இருந்தா ஒரு பேப்பர்ல எழுதி நீட்டுங்க, போதும்.